குடத்துக்கு ஓட்டு கிடையாது

இந்தத் தேர்தலில் எங்கள் அபார்ட்மென்ட் பூத்தில் மெஷின் மக்கர் பண்ணியது. உடனே நாற்காலி போட்டார்கள், ஃபேன் வைத்தார்கள். நாற்காலியில் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துவிட்டு ஆளாளுக்கு மேலே போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்கள். அதற்குள் வேறு மெஷின் வந்துவிட்டது. "பையை வெச்சிட்டுப் போயிருக்காங்க, அவங்க இடம்" என்று அதிகாரியே பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முன்பு கல்மண்டபம் பக்கம் நாங்கள் இருந்த தெருவில் குழாய் கிடையாது, லாரித் தண்ணீர்தான். லாரி எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது. அதனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடுமிப்பிடிச் சண்டை போடுகிறவள்கூட அடுத்தவள் குடத்தை நகர்த்த மாட்டாள். குழாய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியே இரண்டு முறை ஜெயித்த எம்.எல்.ஏ.வைக் கவிழ்த்தே தீருவது என்று மீன் விற்கிற என் அம்மா கங்கணம் கட்டியிருந்தாள்.

எனக்கு அது முதல் ஓட்டு. என்னைப் பெண் பார்க்க வருகிற மாதிரி தலைக்குக் குளித்துப் பூ வைத்துக் கிளம்பினேன். தண்டையார்பேட்டை குடோனில் என்னோடு பில் போடுகிறவர்களிடம் விரல் மையைக் காட்ட வேண்டுமே. பள்ளிக்கூட பூத்தில் போய்ப் பார்த்தால் மெஷின் செத்துக் கிடந்தது. எங்கெங்கோ உழைத்துத் தேய்ந்த பழைய பெட்டி, எங்களுக்கு இது போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். வேறு மெஷின் வருகிறது, வருகிறது என்றார்கள். வெயில்தான் வந்தது. அம்மாவின் கூடையில் ஐஸ் கரைந்து காலடியில் ஒழுகியது. அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

"எலெக்ஷன் நிக்கும், மீனு நிக்காதுடி. போய் கொடத்த எடுத்தா."

தெருவே குடம் கொண்டுவந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்தாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் பச்சையும் நீலமுமாக வரிசை கட்டிவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனோம்.

மெஷின் மத்தியானம் தாண்டித்தான் வந்ததாம். இடம்தான் இருக்கிறதே என்று நாங்களும் சாவகாசமாகத் திரும்பினோம். கேட் சாத்தியிருந்தது. நேரம் முடியும்போது வரிசையில் நின்ற ஆட்களுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்து உள்ளே விட்டிருந்தார்கள். எங்கள் குடங்கள் சுவரோரம் உருண்டு கிடந்தன.

"குடத்துக்கெல்லாம் ஓட்டு கிடையாதும்மா" என்றார் அதிகாரி.

சொற்ப ஓட்டில் அதே ஆள் ஜெயித்தார். நன்றி சொல்லத் திறந்த ஜீப்பில் எங்கள் தெருவுக்கும் வந்தார், பாருங்கள், அந்தக் கொழுப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அடுத்த தேர்தலுக்கு அவர் ஓட்டுக் கேட்டு வந்தபோது எல்லா வீடும் சாத்தியிருந்தது. தெருமுனையிலிருந்து குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. அம்மா ஒருத்திதான் வாசற்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்களாண்ட இன்னா கேக்கற நைனா? கொடத்தாண்ட கேளு. அன்னிக்கு அதுங்கதானே நின்னுகினு இருந்துச்சு."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அந்தத் தேர்தலிலும் மெஷின் படுத்தது. எங்களில் ஒருத்தி அசையவில்லை. மீன் நாறினால் நாறட்டும் என்று நின்றோம். ஆள் மண்ணைக் கவ்வினார்.

அப்புறம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று தெருவையே எடுத்துவிட்டார்கள். எங்களை ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே வீட்டுக்கு வீடு குழாய், அதனால் குடங்களை யாரும் கொண்டுபோகவில்லை. எங்கள் ஓட்டும் அங்கே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் மறுபடி எங்கள் பழைய தொகுதியில் நின்று நோகாமல் ஜெயித்தார். செய்தியைக் கேட்ட அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை.

தெரு இருந்த இடத்துக்குப் பின்னால்தான் இந்த அபார்ட்மென்ட். துறைமுகத் தூசியிலும் கன்டெய்னர் லாரிச் சத்தத்திலும் இவ்வளவு வாடகை கொடுத்து ஏன் இருக்கிறாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். அந்த ஆள் இந்தத் தேர்தலிலும் நின்றார். எங்கள் தெருக்காரர்களில் இந்தத் தொகுதியில் ஓட்டு இருப்பது இப்போது எனக்கு மட்டும்தான்.

என் முறை வந்தது. பட்டனை அழுத்தினேன். பீப் சத்தம் முழுசாக அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.