மாமாவின் காருக்குள் இருந்த இஞ்சின்

ஒரு கையால் காரின் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் தம்பி குனிந்து பார்த்தான். சிவகாசியில் எங்கள் வீட்டு வாசல். என் மகளுக்குக் காது குத்தி முடிந்து, பந்தி போட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சொந்தக்காரர்கள் காரைச் சுற்றி நின்றார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தவர் என் மாமனார். தம்பி நிமிர்ந்து, எதையும் யோசிக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மாமா, இது ஸ்கூல் வேன் இஞ்சின்லா?"

மாமா லேபிளும் காலண்டரும் அடிக்கும் அச்சகம் நடத்துபவர். பேச்சில் கறார், நடையில் ஒரு நிமிர்வு. அவருக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் அந்தக் கார்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடித்துவிடும் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். இலைப்பச்சை நிறம். இளம் வயதில் சென்னையில் யாரிடமோ வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆனைக்குட்டம் அணை வரை போய்வருவார். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி குடித்து முடித்ததும் காரிடம் கூட்டிப்போய் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். "பெயிண்ட் மாத்திருக்கேன், சீட்டு மாத்திருக்கேன். இஞ்சின்ல மட்டும் ஒருத்தனையும் கை வைக்க விட்டதில்ல." கல்யாணமாகி விருதுநகரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எனக்கும் அதைச் சொன்னார். அவர் சொல்லும் விதத்தில் எனக்கே அந்தக் காரின் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

பானெட்டை அவர் யார் முன்னாலும் திறந்ததில்லை. சர்வீஸுக்குத் திருநெல்வேலியில் ஒரு பட்டறைக்குத்தான் கொண்டுபோவார். கார் கிளம்பும்போது உறுமும். அந்த உறுமல் இஞ்சினுடையது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சைலன்சரை மாற்றி வரவழைத்த சத்தம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

காது குத்து அன்று பிள்ளைகள் கேட்டதற்காகத்தான் காரை எடுத்தார். ஸ்டார்ட் ஆனது, ஆனால் எவ்வளவு மிதித்தும் வேகம் எடுக்கவில்லை. என் தம்பி சென்னையில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பழைய கார் என்றால் சாப்பாட்டை மறப்பவன். உதவத்தான் ஓடினான். மாமா "வேண்டாம்பா" என்று சொன்னது இரைச்சலில் அவன் காதில் விழவில்லை.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு நாலைந்து பேர் சிரித்தார்கள். பெரியவர்கள் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. "தாத்தா காரு ஸ்கூல் வேனு" என்று பந்தலைச் சுற்றி ஓடினார்கள். என் கணவர்கூடச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றார். மாமா இறங்கி வந்து, தம்பியின் கையிலிருந்த பானெட்டை மெதுவாக வாங்கி மூடினார். அதன்பின் பந்தியில் நின்று எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொன்னார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. இலைகளை மட்டுமே பார்த்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நான் பார்க்காததுபோல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன்.

செய்தது நானில்லை. தம்பியும் வேண்டுமென்று செய்யவில்லை. இருந்தாலும் பிறந்த வீட்டு ஆள் ஒருவன் வந்து, புகுந்த வீட்டுப் பெரிய மனிதரை அவர் வாசலிலேயே தலைகுனிய வைத்துவிட்டுப் போனான் என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுப்படியில் அத்தை கரண்டியைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால்கூட எனக்கு உடம்பு கூசியது.

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சில நாள் கழித்துக் கீரை ஆய்ந்துகொண்டே அவரே சொன்னார். கல்யாணமான புதிதில் மாமாவும் அத்தையும் அந்தக் காரில் காரியாபட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறார்கள். சித்திரை வெயில். வழியிலேயே இஞ்சின் கொதிக்க ஆரம்பித்து, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பின்னால் ஒரு பஸ், ஜன்னலெல்லாம் தலைகள். "நிப்பாட்டுங்கன்னு சொன்னேன். பஸ்ஸுல இருக்கவுக பாத்துக்கிட்டு இருக்காக, இப்பப் போயி எப்படி நிப்பாட்டன்னாரு" என்றார் அத்தை. ஊர் எல்லையில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. உள்ளே வெடித்துப்போயிருந்தது. அதற்கு உதிரிபாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. பல மாதம் கிடந்தபின், விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் இஞ்சினை வாங்கித் திருநெல்வேலிப் பட்டறையில் பொருத்தினார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஆரம்பித்த பேச்சு, வருஷக் கணக்கில் அவருக்கே பழகிவிட்டது.

காது குத்துக்குப் பிறகு மாமா காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்த்தபோதுதான் புதுச் சங்கடம் தொடங்கியது. காலையில் வேன் வாசலுக்கு வந்து நிற்கும். அதே ரக இஞ்சின். அவள் ஏறும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். முன்னறையில் பேப்பர் படிக்கும் மாமா, அந்தச் சத்தம் தெருவில் திரும்பும்போதே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. டிரைவரிடம் தெருவுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளைத் தெரு முக்கு வரை நடத்திக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு.

ஒரு மழை நாளில் இருவரும் நனைந்து திரும்பினோம். வேன் வரவில்லை, வழியில் நின்றுவிட்டதாம். மாமா வாசலில் நின்றிருந்தார்.

"ஏம்மா, வேன் வீட்டுக்குத்தான வந்துக்கிட்டிருந்துச்சு? பிள்ளைய எதுக்கு முக்குக்கு நடத்துற?"

தலையைக் குனிந்துகொண்டு குடையை மடக்கினேன். அவர் என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது என்று தெரிந்தது. ஒவ்வொரு காலையிலும், அவர் மறைக்க நினைத்ததை நானும் சேர்ந்து மறைத்து, அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

மழை விட்டதும் காரின் மேலிருந்த தார்ப்பாயை இழுத்து எடுத்தார். மகளை என் மடியில் உட்காரவைத்து, எங்களைப் பள்ளிக்கு அழைத்துப்போனார். காது குத்து அன்றே பழுதாகியிருந்த ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கம்பி கட்டிச் சமாளித்திருந்தார் போலும். கார் திக்கித் திக்கித்தான் போனது. பள்ளி வாசலில் வேன்கள், பெற்றோர்கள், அவருக்குத் தெரிந்த தொழில்காரர்கள் இரண்டு பேர். எங்கள் வேன் டிரைவரும் அப்போதுதான் வண்டியைச் சரிசெய்து வந்து நின்றிருந்தார். மாமா காரிலிருந்து இறங்காமலே அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கன வாங்குறீக?"

"எந்த வண்டிக்கு முதலாளி?"

"உங்க வேனுக்கு வாங்குறதுதான். இதுலயும் அந்த இஞ்சின்தான் கிடக்கு."

தொழில்காரர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் காது மடல்கள் மறுபடியும் சிவந்தன. ஆனால் அவர் டிரைவரின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். டிரைவர் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையைச் சொல்லி, இந்தக் காருக்கு நீளம் போதுமா என்று பார்த்து வாங்கச் சொன்னார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா, என் தம்பி இந்தப் பொங்கலுக்கு வருவானா என்று கேட்டார். காது குத்துக்குப் பிறகு அவன் இந்தப் பக்கமே வரவில்லை, வர வெட்கப்படுகிறான் என்று சொன்னேன். "நான் போன் போட்டுப் பேசுறேன்" என்றார்.

மறுநாள் காலை வேன் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. டிரைவரிடம் மாமாதான் சொல்லியிருக்க வேண்டும். முன்னறையில் மாமா பேப்பரை மடக்கும் சத்தம் கேட்டது. பின்கட்டுக்குப் போகப்போகிறார் என்று நினைத்து நான் நிமிராமல் மகளின் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், புத்தகப் பையை வாங்கி வேனில் வைத்தார்.