ஃபெர்னான் கடையில் அழுகை கிடையாது

“பா பூஜே! தலெ ஆட்டினா குரங்கு தோம்பே!” என்று சொல்லிவிட்டு ஃபெர்னான் கத்தரியை அந்தரத்தில் நிறுத்துகிறார். அசையாதே, ஆட்டினால் குரங்கு விழுந்துவிடும் என்பது இதன் பொருள். நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே போட்ட பலகையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பயல் மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விடுகிறான். கத்தரி மறுபடி காதோரம் இறங்குகிறது. பாட்டும் கூடவே இறங்குகிறது.

குரங்கு மாமா, குரங்கு மாமா,
கொய்யா மரம் ஏறினார்;
ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே...

நாலாவது வரி இப்போதைக்கு வராது. இரண்டு காதோரமும் பிடரியும் முடிகிறவரை குரங்கு மாமா கிளையில் தொங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கழுத்தில் பவுடர் தட்டித் துண்டை உதறும்போதுதான் ‘ஊஞ்சல் போல ஆடினார்!’ என்று குரங்குக்கும் பயலுக்கும் ஒரே நேரத்தில் விடுதலை கிடைக்கும். பயல் குதித்து இறங்கி, தலையில் ஏதாவது குறைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓடிவிடுவான்.

சாந்த் குருவாவில் கோயிலுக்குப் போகும் தெருவில், தகரக் கூரை போட்ட பச்சைக் கடை அது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு மாதா படம். முழுப் பெயர் ஃபெர்னான் வீராசாமி. முன்பாதி பாதிரியார் வைத்தது, பின்பாதி முன்னோரோடு கப்பலில் வந்தது. ஒல்லியான நெட்டை மனிதர். கால்சட்டையைத் தோள்வார் போட்டுத் தூக்கி நிறுத்தியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எல்லாரையும்விட உரக்கப் பாடுவார், சுருதியோடு அவருக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. ஆனால் முருகனுக்கு நேர்ந்துகொண்ட பிள்ளைகளுக்கு மொட்டை போடுகிறவரும் அவரேதான். அந்த நாட்களில் மீனைக்கூடத் தொடமாட்டார். நீங்கள் ஏன் விரதம் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “எனக்கு இல்லே, மிஸ்யே. கத்திக்கு கரேம்” என்றார். மிஸ்யே என்றால் ஐயா; கத்தி விரதம் இருக்கிறதாம், அவர் அதற்குத் துணைக்கு இருக்கிறாராம்.

நான் மதராஸிலிருந்து இந்தத் தீவுக்குத் தமிழ் கற்பிக்க வந்தவன். மேட்டு ஊரான கியூர்பிப்பின் மழையில் வாரத்தில் ஐந்து நாள் நனைந்துவிட்டு, சனிக்கிழமை சாந்த் குருவாவுக்கு இறங்கிவந்து வகுப்பு நடத்துகிறேன். கையோடு கொண்டுவந்த பாடநூலில் நரி உண்டு, யானை உண்டு, சிங்கம் உண்டு. இந்தத் தீவில் மூன்றும் இல்லை. நரியைப் பற்றி ராகம் போட்டு ஒரு பாட்டுப் பாடி முடித்தேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, அது என்ன மீன் என்று கேட்டாள். அதே பிள்ளைகள் வகுப்பு விட்டதும் வாசலில் நின்று, வார்த்தை பிசகாமல், கைதட்டிப் பாடியதோ வேறு தமிழ்ப் பாட்டு. எங்கே கற்றீர்கள் என்றால், “சே தோந்தோன் ஃபெர்னான்” என்றார்கள், ஃபெர்னான் மாமா கடையில் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடி வெட்டிக்கொள்வது ஒரு சாக்கு. பொறாமையோடுதான் முதல்முறை அந்தக் கடைக்குள் காலை வைத்தேன்.

போய்ப் பார்த்தால் மனிதருக்கு மொத்தமே நூற்றைம்பது தமிழ்ச் சொற்கள்தான் தெரியும். அவற்றில் முப்பது விலங்குகளின் பெயர். மீதியெல்லாம் அவர் வசூலித்தது. சவரத்துக்கு உட்காருகிற தமிழர் யாராக இருந்தாலும், முகத்தில் நுரை காய்வதற்குள் ஒரு தமிழ்ச் சொல் கொடுத்தாக வேண்டும். ‘முள்’ கோயில் நாயனக்காரர் கொடுத்தது. ‘ஊஞ்சல்’ நகைக்கடைச் செட்டியார் உபயம். என் பங்குக்கு நான் ‘பனித்துளி’ என்றேன். அதை வாயில் போட்டு இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். “பிள்ளைக்குப் பெரிசு, மிஸ்யே. வேறெ குடுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழாசிரியன் தாடையில் கத்தி இருந்தபடியால் நான் வாதாடவில்லை. ‘தொப்பை’ என்று ஒன்றைக் கொடுத்தேன், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

இந்தச் சிறு மூலதனத்தை வைத்துக்கொண்டு அவர் செய்கிற வேலையைப் பாருங்கள். இங்கே கரும்புத் தோட்டத்து ஓரங்களில் முள்ளெலி மாதிரி ஒரு பிராணி உண்டு, தாங் என்பார்கள். ஒரே ஈற்றில் இருபது குட்டி போடும்.

தாங் அம்மா வீட்டிலே
தங்கப் பிள்ளை இருபது;
முள்ளுச் சட்டை போட்டுக்கிட்டு
முத்தம் கேட்டா என்னது?

இது பிடரியில் மெஷின் ஓட்டும்போது பாடுவது. முன்நெற்றி முடியைச் சமன் செய்யும்போது நத்தை வரும்.

நத்தைத் தம்பி மழையிலே
நடந்து போனான் பாம்பூ;
போயிச் சேரும் முன்னாலே
பூத்துப் போச்சு கரும்பு.

பாம்பூ அவருடைய மனைவி ஜோசெட்டின் ஊர். கடைக்குப் பின்னால் வெந்நீர் போடுகிற ஜோசெட் இந்தப் பாட்டு வரும்போதெல்லாம் கதவைத் திறந்து தலையை நீட்டுவார். “மிஸ்யே, அந்த நத்தை இவருதான்! பொண்ணு கேட்டு வர மூணு வருஷம்!” என்பார். ஃபெர்னான் கண்ணாடியைப் பார்த்தபடி, “வந்தேனா இல்லியா?” என்று கேட்பார். பெஞ்சு முழுவதும் சிரிக்கும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் இத்தனை நிமிடம், இத்தனை முடி என்று அளவு உண்டு. அடர்ந்த முடிக்காரப் பயலுக்கு நத்தை சுற்றுவழியில் போகும். தலையில் புண் இருக்கிற பிள்ளைக்குத் தாங் அம்மா குட்டிகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பாட்டு தீரும் முன்னே முடி தீர வேண்டும், அதுதான் அவருடைய தொழில் கணக்கு. கடை திறந்த இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் ஒரு பிள்ளைகூட அழுததில்லை. தெருவே இதற்குச் சாட்சி சொல்லும். அவர் வேறு எதற்கும் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஏன் இந்த வைராக்கியம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, இடது காதை மடித்துக் காட்டினார். பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைத் தழும்பு. “எனக்கு நாலு வயசு. ரெண்டு ஆளு புடிச்சாங்க. ஒருத்தன் கை, ஒருத்தன் தலெ. கத்தி வருது, நான் கத்தறேன்... வாலா” என்றார், இதோ பார் என்று. அவ்வளவுதான் சொன்னார். பிறகு அடுத்த பிள்ளையைத் தூக்கிப் பலகையில் வைத்து, குரங்கு மாமாவைக் கொய்யா மரத்தில் ஏற்றிவிட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. நாலு வயதுப் பெண் உருவத்தில் வந்தது. பெயர் தேவராணி. அப்பா விநாயகம் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா. போன வருடப் பெரும்புயலில் அவர்கள் வீட்டுக் கூரை பறந்தபோது இந்தக் குழந்தை மேசைக்கு அடியில் கீறல்கூடப் படாமல் கிடைத்தாள். அன்றைக்கே முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு மணிப் பூஜைக்கு முன்னால் மொட்டை முடிந்து கோயிலில் இருக்க வேண்டும். அம்மா, இரண்டு அத்தைமார், ஏழு வயது அண்ணன், பூத்தட்டு, தேங்காய் என்று கடை நிரம்பிவிட்டது. நான் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கினேன்.

தலையை நனைத்து, கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்து, ஃபெர்னான் தாங் அம்மாவில் தொடங்கினார். வலது பக்கம் வழுவழுவென்று இறங்கியது. ‘முத்தம் கேட்டா’ என்று வழக்கம்போல் நிறுத்தினார்.

“என்னது!” என்றாள் தேவராணி, கொட்டாவி விட்டுக்கொண்டே.

ஃபெர்னான் புருவத்தை உயர்த்தினார். நத்தையை அனுப்பினார். நத்தை கிளம்பும் முன்பே அவள் அதைப் பாம்பூவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மைனா, மான், கீரி, தோட்டத்துக் குரங்குக் கல்யாணம், எதை எடுத்தாலும் கடைசி வரி அவள் வாயில் தயாராக இருந்தது. அண்ணன்காரன் மூன்று வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன். கேட்டதையெல்லாம் வீட்டில் தங்கைக்கு ஒப்பித்திருக்கிறான். இதோ, அவனும் சாதுவாகத் தேங்காயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று ஃபெர்னானுக்குத் தோன்றவே இல்லை. கடைசியாகக் குரங்கு மாமாவைக் கூப்பிட்டார்.

“தோந்தோன், குரங்கு பா தோம்பே” என்றாள் அவள், குரங்கு விழாது என்று. “நான் ஆட்டறேன் பாருங்க.” தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டிக் காட்டினாள். கத்தியைத் தூக்கிக்கொண்டு ஃபெர்னான் பின்னால் குதித்தார்.

ஆட்டியதில் அவள் கண் கண்ணாடியில் விழுந்தது. வலது பக்கம் வெறும் மண்டை, இடது பக்கம் தோள்வரை சுருட்டை முடி. அதுவரை அவள் அதைப் பார்க்கவில்லை. கீழுதடு மெல்லப் பிதுங்கியது. வெந்நீர்ச் சட்டியோடு வந்த ஜோசெட் கதவிலேயே நின்றுவிட்டார். ஃபெர்னான் வாயைத் திறந்தார், பாட்டு வரவில்லை. மறுபடி திறந்தார். நூற்றைம்பது சொல்லும் எங்கேயோ ஓடிப்போயிருந்தன. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையெல்லாம் கரைந்து, ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. எழுந்து, என் பாடநூல் நரியைக் கணீரென்று பாடிவிட்டேன். தேவராணி என்னை விளக்கெண்ணெய்ப் புட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். உதடு இன்னும் கொஞ்சம் பிதுங்கியதுதான் மிச்சம்.

“மணி பதினொண்ணே கால்” என்றார் விநாயகம். பெரிய அத்தை வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். “நான் தலெ புடிக்கறேன், நீ கை புடி அண்ணே. ஃபெர்னான், நீங்க வீத் வீத், சட்டுனு முடிங்க. ரெண்டு நிமிஷம் அழுவா, அவ்ளோதான்.”

“தொடாதீங்க!”

அந்தக் குரலை நான் ஃபெர்னானிடம் அதற்குமுன் கேட்டதில்லை. அத்தை கையை இழுத்துக்கொண்டாள்.

“பூஜை போயிடும், ஃபெர்னான்” என்றார் விநாயகம். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நேர்த்திக்கடன் அல்லவா?

“சாமி காத்திருப்பாரு, மிஸ்யே விநாயகம். அவருக்கும் பிள்ளைங்க தெரியும்” என்று சொல்லிவிட்டு, ஃபெர்னான் கத்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு குழந்தைக்கு எதிரே குனிந்து, கையை விரித்தார். “எனக்குப் பாட்டு ஃபினி, தேவா. ஒண்ணும் இல்லே.”

தேவராணி யோசித்தாள். பிதுங்கிய உதடு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. “எனக்கு ஒண்ணு தெரியும்” என்றாள். பலகையிலிருந்து வழுக்கி இறங்கி, நாற்காலியைக் காட்டினாள். “தோந்தோன், ஆசீஜே.”

உட்காரச் சொல்கிறாள். பாதி மொட்டையோடு இடுப்பில் கை வைத்துச் சொல்கிறாள். அத்தைமார் சிரித்துவிட்டார்கள், விநாயகம் தலையில் கை வைத்தார்.

இங்கே ஒன்றை முந்திச் சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் மணியைப் பார்த்துத் தவிக்க வேண்டாம். மொட்டை நல்லபடியாக முடிந்தது. மீதிப் பாதியை அவள் சத்தமில்லாமல் கொடுத்தாள். சந்தனம் பூசிய தலையோடு அப்பா தோளில் ஏறி அவள் கோயிலுக்குள் நுழைந்தபோது பூஜை மணி அப்போதுதான் அடிக்கத் தொடங்கியது. ஃபெர்னான் கடையில் இன்றுவரை அழுகை கிடையாது. ஆனால் என் கண்ணில் நிற்பது அதற்கு முந்தின பத்து நிமிடம்.

ஃபெர்னான் பலகையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டார். தேவராணி பெஞ்சின்மேல் ஏறி நின்று, கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.

ஆடு வந்தது கடைக்கு,
தாடி வெட்டு, தோந்தோன்!
ஆடு தின்னது சோப்பு,
ஆடு தின்னது சீப்பு...

அந்த நிமிடத்தில்தான் அது பிறந்துகொண்டிருந்தது. கண்ணில் பட்டதெல்லாம் ஆட்டின் வாய்க்குள் போயிற்று. துண்டு போயிற்று, பவுடர் டப்பா போயிற்று, என் குடை போயிற்று. மாதா படத்தை மட்டும் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ‘ஆடு தின்னது நரி’ என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னபோது, பதினைந்து வருட ஆசிரிய வாழ்க்கையில் நான் கட்டிக்காத்த நரிக்காக எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான். விநாயகம்கூடக் கடிகாரத்தை மறந்து, “கண்ணாடி? கண்ணாடி தின்னலையா?” என்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் போயிற்று.

தின்பதற்குக் கடையில் வேறொன்றும் இல்லாமல் போய்விட்டது. தேவராணி ஒரு விரலை வாயில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் இருக்கிறவரை உற்றுப் பார்த்தாள்.

“தோந்தோன், பா பூஜே, அசையாதீங்க. ஆடு உங்களெ பாக்குது.”

அதற்கு மேல் அவளுக்கு வரி வரவில்லை. யோசித்தாள். எல்லாரும் காத்திருந்தோம். திறந்த கதவு வழியாக ஓர் ஈ வந்து, ஃபெர்னானின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது, கால்களைத் தேய்த்துக்கொண்டது, பிறகு நிதானமாகக் கண்ணை நோக்கி மேலே நடந்தது. அவர் கையைத் தூக்கவில்லை.