டீக்கு இரண்டு கை

யாரும் கேட்காத ஒரு வேலையை ஒருத்தி பத்தொன்பது வருடம் பிசகாமல் செய்துவந்தால் அதற்கு என்ன பெயர்? ஒழுக்கமா, பழக்கமா, இல்லை வீட்டில் பொழுது போகவில்லையா? பூட்டுக் கடைக்காரன் மூன்றாவது பதிலைத்தான் நம்பினான். கூடப் பிறந்த தம்பி என்பதால் அப்படி நம்ப அவனுக்கு உரிமையும் இருந்தது.

அக்காவின் வேலை இதுதான். மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை காலை பத்தரைக்கு நகராட்சி மன்றம் கூடும். அக்கா பத்து இருபதுக்கே மாடிக் கேலரியில் போய் உட்கார்ந்துவிடுவாள். கேலரியில் மூன்று பெஞ்சுகள். ஒன்றுக்குக் கால் ஒடிந்து, பழைய கோப்புகளை அடுக்கி முட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்த நகராட்சியில் கோப்புகள் உருப்படியாகத் தாங்கிய ஒரே பொருள் அந்த பெஞ்சுதான் என்பாள் அக்கா. மழைக்காலத்தில் ஒதுங்க இரண்டு பேர் வருவார்கள். வெயில் காலத்தில் மின்விசிறிக்காக நான்கு பேர். மற்றபடி பொதுமக்கள் என்றால் அங்கே அக்கா ஒருத்திதான்.

முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். "அடுத்தவன் பேசறதைக் கேட்டுக்கிட்டு வாயைத் திறக்காம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கினவ. இப்ப அதையே தர்மத்துக்குச் செய்யறா" என்று தம்பி கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வான். ஒரு நீள நோட்டில் அவள் எல்லாவற்றையும் எழுதுவாள். யார் எப்போது வந்தார், யார் எந்தப் பொருளில் தூங்கினார், யார் என்னவென்றே தெரியாமல் 'வழிமொழிகிறேன்' என்றார், எல்லாம். தம்பி ஒருமுறை புரட்டிப் பார்த்தான். "11.20: மூன்றாம் வார்டு, குடிநீர் பற்றி ஆவேசம். 11.24: ஆவேசம் நின்றது. குடிநீர் வரவில்லை" என்று இருந்தது. அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

அவளை உத்தமி என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரியின் சமையலை வாயில் வைக்க முடியாது; "கை மணம்னா உன் கை மணம்தான்" என்று கூசாமல் சொல்லிவிட்டு வருவாள். வயதில் நாலைக் குறைத்துத்தான் சொல்வாள். வராத தலைவலியைச் சொல்லி எத்தனையோ விசேஷங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். பொய்யில் அவளுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது.

ஆனால் அந்த நோட்டுக்கு ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுத வேண்டிய எழுத்தருக்கு ஐந்தாவது பொருளிலேயே கண் செருகிவிடும். மறுநாள் காலை அவர் அரசாங்கப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து, தூங்கினவர் கொட்டாவி விட்டவர் சமாசாரங்களைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை அழகாகப் பெயர்த்து எழுதிக்கொண்டு போவார். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைப் படிப்பார். "திருத்தம் உண்டா?" என்று தலைவர் கேட்பார். பதின்மூன்று உறுப்பினர்களும் உத்தரத்தைப் பார்ப்பார்கள். தலைவர் கேலரியைப் பார்ப்பார். அக்கா தலையை ஆட்டுவாள். "ஏற்கப்பட்டது" என்று மேசையைத் தட்டுவார். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். சட்டத்தில் இருந்திருந்தால் என்றைக்கோ நின்றுபோயிருக்கும்.

தம்பிக்கு மன்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை, அந்த வருடம் வரை. சந்தைக் கட்டிடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டிப் பதினோரு கடைகள். எட்டாவது அவனுடையது. அகலம் ஆறடி. சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, ஆணி அடித்த பலகையில் வெட்டாத சாவிகள், கால் நீட்ட முடியாத ஒரு முக்காலி. இருபத்தாறு வருடம் அதில் உட்கார்ந்து ஊரில் பாதிக் கதவுகளுக்குச் சாவி போட்டிருக்கிறான். காலை வெயில் நேராக இயந்திரத்தின் மேல் விழும். அந்த வெளிச்சத்தில்தான் பல் பல்லாகச் சாவியை ராவ முடியும். அந்தப் பதினோரு கடைகளையும் எடுத்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. பொருள் எண் எட்டு.

"இந்த நிறுத்துமிடம் யாருக்குக்கா வேணும்?" என்று தம்பி கேட்டான்.

"வேணும்னு ஆறு உறுப்பினர் சொல்றாங்க. ஆறு பேர் கிட்டயும் கார் இருக்கு."

"நீ என்ன நினைக்கிற?"

"சந்தைக்கு வர்றவங்க பையோட நடந்து வர்றாங்க. பையை எங்கடா நிறுத்தறது? முட்டாள்தனமான திட்டம்."

அக்கா நம் பக்கம்தான் என்று தம்பி நிம்மதியாகத் தூங்கினான்.

கூட்டத்தன்று கேலரி நிரம்பி வழிந்தது. பதினோரு கடைக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கோப்பு பெஞ்சில் ஏழு பேர் உட்கார, கோப்புகள் முனகின. தம்பி அக்காவுக்குப் பக்கத்தில், ஒரு காலில் வேறு யாரோ உட்கார்ந்திருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

இங்கே மன்றத்தின் தேநீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினொன்றரைக்கு டீ வந்தாக வேண்டும். எரிகிற வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் வரும். பியூன் முதலில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, தலையை மட்டும் நீட்டி, "சர்க்கரை இல்லாம யாருக்கு?" என்று கேட்பார். வேண்டியவர்கள் கையைத் தூக்குவார்கள். எண்ணிக்கொண்டு போவார். பேச்சு நிற்காது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பல வருடமாக நடப்பதுதான்.

அன்று பொருள் எட்டு வாக்கெடுப்புக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

"ஆதரிக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார் தலைவர். பேனாவால் இடமிருந்து வலமாக எண்ணினார். ஆறு.

"எதிர்க்கறவங்க."

ஐந்து கைகள் எழுந்தன. இரண்டு பேர் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஒருவர் துணிக்கடை முதலாளி, செய்தித்தாளுக்குள் இருந்தார். இன்னொருவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். கதவு திறந்தது.

"சர்க்கரை இல்லாம யாருக்கு?"

இருவரும் கையைத் தூக்கினார்கள். தலைவரின் பேனா நிற்காமல் ஊர்ந்து ஏழில் முடிந்தது.

"எதிர்ப்பு ஏழு. தீர்மானம் தோற்றது."

கேலரி கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. பியூனும் தன் பங்குக்கு ஏழு என்றே எண்ணிக்கொண்டு போயிருந்தார். ஐந்து நிமிடத்தில் ஏழு பேருக்குச் சர்க்கரை இல்லாத டீ வந்தது. மனசாட்சிப்படி எதிர்த்த ஐந்து பேரும் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார்கள். கொள்கைக்கு அந்த மன்றத்தில் கிடைத்த கைம்மாறு அவ்வளவுதான்.

வாசலில் கடைக்காரர்கள் துணிக்கடை முதலாளியைச் சூழ்ந்துகொண்டு கையைக் குலுக்கினார்கள். "கடைசி நேரத்துல காப்பாத்திட்டீங்கய்யா!" அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அரசியல்வாதி அல்லவா, விளங்காத நன்றியையும் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர். "நான் எப்பவும் மக்கள் பக்கம்தான்" என்றார்.

தம்பி அக்காவைத் தேடி மேலே ஓடினான். அவள் எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தான். "பொ. 8. ஆதரவு 6. எதிர்ப்பு 5. டீ 2" என்று இருந்தது. அவன் சிரிக்கத் தொடங்கினான். பாதியிலேயே சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை எழுத்தர் வருவதற்கு முன்பே தம்பி அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்தான். எழுத்தர் நோட்டைப் புரட்டினார், எட்டாம் பொருளுக்கு வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அக்கா, இதுல டீன்னு எழுதியிருக்கே."

"ஆமா. டீதான்."

"பதிவேட்டுல டீயை எந்த இடத்துல எழுதறது? அதுக்குக் கட்டமே இல்லையே."

"அது உங்க பாடு."

எழுத்தர் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தான். "தலைவர் ஏழுன்னு அறிவிச்சார். எனக்கு அதான் காதுல விழுந்தது. இந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை" என்று சொல்லி எழுத்தர் ஏழு என்று எழுதி, மை காய ஊதினார். பத்தொன்பது வருடத்தில் அவர் சொந்தமாக எழுதிய ஒரே வரி அதுதான். அக்கா தடுக்கவில்லை. நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

"படிச்ச மனுஷன்" என்று தம்பி வாயார மெச்சினான்.

ஆனால் குறிப்பைப் படிக்கும் அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தது. தம்பி மனைவி நாள் தவறாமல் கிண்ணத்தில் எதையாவது போட்டு மூடி எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். "அண்ணி, உங்களுக்குப் பிடிக்குமேன்னு செஞ்சேன்." அக்கா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை.

"உங்க அக்கா கல்லுளிமங்கி" என்றாள் அவள் புருஷனிடம். "பதினோரு பூட்டு போட்ட வாய். நீங்க பூட்டுக்காரர்தானே, ஒரு சாவி போடக் கூடாதா?"

கூட்டத்துக்கு முந்தின நாள் தம்பி கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போனான்.

"அக்கா, நாளைக்கு என்ன செய்யப் போற?"

"பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கப் போறேன்."

"அதைக் கேக்கலை. தலையை ஆட்டுவியா மாட்டியா?"

"ஆடும்போது பாத்துக்க."

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்க்கா. எழுதினது அவர், படிக்கப் போறது அவர். நீ வழக்கம் போலத் தலையை ஆட்டினாப் போதும். இல்ல, தலைவலின்னு வீட்டுல படுத்துக்க. உனக்கு வராத தலைவலியா?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பி அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கினான்.

"பதினோரு குடும்பம்க்கா."

"எனக்கு எண்ணத் தெரியும்டா" என்றாள்.

புதன்கிழமை கேலரியில் அதே கூட்டம், இந்த முறை பயம் இல்லாமல். போன கூட்டத்தில் ஜெயித்தவர்கள் அல்லவா! எழுத்தர் குறிப்பைப் படித்தார். எட்டாம் பொருள் வந்ததும் குரல் கொஞ்சம் வேகம் எடுத்தது. "ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஏழு, தீர்மானம் தோற்றது."

"திருத்தம் உண்டா?" என்றார் தலைவர். பதின்மூன்று பேரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். தலைவர் கேலரியைப் பார்த்தார்.

அக்காவின் தலை அசையவில்லை.

தலைவர் மேசையைத் தட்டக் கையை ஓங்கியவர் அப்படியே நிறுத்தினார். "என்னம்மா?"

அக்கா எழுந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் குரலை மன்றம் கேட்டதில்லை. தொலைபேசியில் நேரம் சொல்கிற குரல் மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் இருந்தது.

"எதிர்ப்பு அஞ்சு கை. டீக்கு ரெண்டு கை."

கீழே சிரிப்பு எழுந்தது. மேலே எழவில்லை. தம்பி அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தான்; அவள் உட்காரவில்லை. அரைத் தூக்கக்காரர் உடனே கையை விரித்துவிட்டார்: "எனக்குச் சர்க்கரை வியாதிங்க. பியூன் கேட்டார், தூக்கினேன்." துணிக்கடை முதலாளிக்கு அவ்வளவு எளிதாக முடியுமா? ஒரு மாதமாக நன்றி வாங்கியிருக்கிறாரே.

"நான் மனசாட்சிப்படிதான் கையைத் தூக்கினேன்!" என்று எழுந்து நின்றார்.

அக்கா நோட்டைப் பார்த்து வாசித்தாள். "தூக்கும்போது 'பாதி டம்ளர் போதும்'னு சொன்னீங்க."

மன்றம் அதிர்ந்தது. பியூன்கூடக் கதவோரம் நின்று "ஆமா, பாதிதான் குடுத்தேன்" என்றார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை நேராக்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அந்த வரிசையில உங்களுக்கு வேண்டப்பட்டவங்க யாராவது கடை வெச்சிருக்காங்களா?"

"தம்பி. பூட்டுக் கடை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆறுக்கு ஐந்து. குறிப்பு திருத்தப்பட்டது, தீர்மானம் நிறைவேறியது, கடைகளைக் காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். கடைக்காரர்களில் சிலர் அவளைத் திட்டினார்கள். ஒருத்தர் மட்டும் அவளைத் தெய்வம் என்றார். அவர் ஏற்கெனவே வேறு இடம் பார்த்து வைத்திருந்தவர். அக்கா ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு மனைவி ஒரு காரணம் சொன்னாள், எழுத்தர் ஒரு காரணம் சொன்னார், முடி வெட்டுகிறவர் மூன்று காரணம் சொன்னார். தம்பி ஒவ்வொரு காரணத்தையும் சாவி மாதிரி போட்டுப் பார்த்தான். பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை.

அவனுக்குப் பேருந்து நிலையத்தின் பின்னால், மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் கிடைத்தது. முதல் வாரம் அக்கா வந்தாள். தலையைக் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அவன் முக்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூன்று மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டான்.

"ஏன்க்கா?"

அக்கா மேலே தொங்கிய பல்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்லத்தான் போகிறாள் என்று அவன் நினைத்தான்.

"இந்த வெளிச்சம் பத்தாதுடா" என்று சொல்லிவிட்டு எழுந்து, குனிந்து வெளியே போனாள். அன்று இரண்டாவது புதன்கிழமை, மணி பத்தாகப் போகிறது.