வெந்நீர்க்காரரின் மீன் தொட்டி

முழங்கையால் குழாயைத் திறந்து, விரலிடுக்குகளுக்கு ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டு, மணிக்கட்டைத் தாண்டிக் கழுவி, முழங்கையாலேயே குழாயை மூடுகிறார். பிறகுதான் அந்த முழங்கை குழாயைத் தொட்டது நினைவுக்கு வருகிறது. மறுபடி திறக்கிறார். விருந்து வீடுகளில் கை கழுவும் இடத்தில் இவருக்குப் பின்னால் விவரம் தெரிந்த யாரும் நிற்பதில்லை.

மருத்துவமனையில் இவருக்கு ‘வெந்நீர் சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் ‘சார்’ உதிர்ந்துவிடும். அறுவை அரங்கிலிருந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவி இயந்திரத்தில் வேக வைத்து, ஒரு கிருமிகூட மிச்சமில்லாமல் திருப்பி அனுப்பும் பிரிவுக்கு இவர்தான் தலை. “கத்தியைப் பிடிக்கிறது டாக்டரு. அந்தக் கத்தியை அவரு பிடிக்கலாமா வேண்டாமான்னு சொல்றது நானு” என்பார். இதை டாக்டர்கள் இல்லாத இடத்தில்தான் சொல்வார் என்றாலும், கம்பீரமாகச் சொல்வார்.

வீட்டிலும் சட்டம் அதுவே. டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. உறைக்கு வாரம் ஒரு குளியல். செய்தித்தாளை இஸ்திரி போட்ட பிறகுதான் பிரிப்பார். சுடச்சுடச் செய்தி தருவதாகப் பத்திரிகைகள் அடித்துக்கொள்ளும் தம்பட்டம் இந்த ஒரு வீட்டில்தான் உண்மையாகிறது. அழைப்பு மணியை அடித்தால் கதவு திறக்கும். வரவேற்க முதலில் நீள்வது கை அல்ல, கிருமிநாசினிப் புட்டி.

இப்படி உலகத்தோடு ஓயாமல் போர் புரிபவருக்கு ரத்த அழுத்தம் வராமல் இருக்குமா? வந்தது. “வீட்டுக்குப் போனா சும்மா உக்காந்து எதையாவது பாருங்க சார். ஒரு மீன் தொட்டி வைங்க, மனசு அடங்கும்” என்றார் டாக்டர். மீன் தொட்டி வைக்கச் சொன்னவருக்கு யார் வைக்கப்போகிறார் என்பது மறந்துவிட்டது.

தொட்டிக்கு ஜன்னலோரம் வேண்டும் என்றார் வெந்நீர் சார். அந்த மூலையில் மனைவியின் தையல் மிஷின் இருந்தது. தெருவில் பாதி வீட்டுத் திரைச்சீலைகளும் பள்ளிச் சீருடைகளும் அங்கேதான் உருவாகின்றன. மிஷின் படுக்கையறைக்குள், கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் போனது. உட்கார்ந்தால் முழங்கால் கட்டிலில் இடிக்கும். எழுந்தால் தலை பீரோக் கதவில். “துணியத் தைக்கிறேனா, என்னையே சேத்துத் தைச்சுக்கிறேனான்னு தெரியல” என்றாள் மனைவி. ரத்த அழுத்தம் அவளுக்கும் வரலாம் என்று டாக்டர் யோசிக்கவில்லை.

மீன் கடைக்காரப் பெண் சின்னத் தொட்டி, தண்ணீரை வடிகட்டும் சின்ன மோட்டார், அதற்குள் ஒரு ஸ்பாஞ்ச், ஒரு பை கூழாங்கல், பிளாஸ்டிக் செடி எல்லாம் கொடுத்து, குழாய்த் தண்ணீரில் குளோரினை முறிக்க ஒரு மருந்தும் கொடுத்தாள். அதை மட்டும் இவர் சந்தேகமாகப் பார்த்தார். “குளோரின எடுத்துட்டா அந்தத் தண்ணிய யாரும்மா காவல் காக்கிறது?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். ஆனாலும் அளவு தவறாமல் ஊற்றினார்.

வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க குக்கர்ல?”

“கல்லு.”

“எத்தனை விசில்?”

“இன்னும் ரெண்டு விடணும்.”

“வேகலன்னா சொல்லுங்க, உப்புப் போட்டுப் பாக்கலாம்.”

கல்லுக்குப் பிறகு ஸ்பாஞ்ச் வெந்தது. பிளாஸ்டிக் செடியும் வெந்து, செடி என்று சொல்ல முடியாத ஒரு பச்சை உருண்டையாக வெளியே வந்தது. அதையும் வைத்தார், சுத்தமாக இருந்ததே! மீன்களை மட்டும்தான் வேக வைக்கவில்லை. அவற்றையும் பையோடு தூக்கிப் பிடித்து வெகுநேரம் யோசனையோடு பார்த்தபோது, “அதுக்குப் பேரு சமையல்” என்று மனைவி நினைவூட்ட வேண்டியிருந்தது.

தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தொட்டி பளபளத்தது. விசிறி வால் கப்பி மீன்கள் அதில் உலவின. பிறகு மூச்சுக்குத் திணறின. பிறகு வயிறு மேலாக மிதந்தன. “கடையிலேயே நோயி இருந்திருக்கு” என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி வேக வைத்தார் வெந்நீர் சார். அடுத்த கூட்டம் வந்தது. ஞாயிறு தவறாமல் ஸ்பாஞ்ச் கொதித்தது. அந்தக் கூட்டமும் மிதந்தது. மூன்றாவது கூட்டம் வாங்கப் போனபோது கடைக்காரப் பெண் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவளுக்கு இப்படி இன்னும் நாலு வாடிக்கையாளர்கள் இருந்தால் பக்கத்துக் கடையையும் பிடித்துவிடலாம்.

மூன்றாவது கூட்டத்தில் ஒன்றே ஒன்று தங்கியது. செம்மஞ்சள் நிறம், வாலில் ஒரு கிழிசல். இவர் தொட்டி முன் குனிந்தால் அது விறுவிறுவென்று வந்து கண்ணாடியில் மூக்கை வைக்கும். இவர் இடம் மாறினால் அதுவும் மாறும். ஆயுள் முழுக்க எஃகுச் சாமான்களோடு பேசியவர் முகத்துக்கு நேராக இத்தனை ஆர்வத்தோடு வேறு எந்த உயிரும் வந்ததில்லை. வந்திருந்தால் முகக்கவசம் போடச் சொல்லியிருப்பார். “சாப்டியா கிழிசலு?” என்று இவர் கேட்பதை மனைவி ஒருநாள் காதாரக் கேட்டாள். தன்னிடம் இவர் கடைசியாக எப்போது அப்படிக் கேட்டார் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். படுக்கையறைக்குள் போய் மிஷினை ஓட்டினாள். வெளியே வந்தபோது கையில் தீர்மானம் தயாராக இருந்தது.

“இதோ பாருங்க. இன்னும் ஒரே ஒரு மீனு செத்து மிதந்துச்சு, தொட்டி வெளிய, மிஷின் மறுபடி ஜன்னலோரம். அவ்ளோதான்.”

அந்த வாரமே கிழிசல் வால் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. முந்தைய கூட்டங்கள் இப்படித்தான் ஆரம்பித்தன. வெந்நீர் சார் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார்.

“தண்ணி சுத்தமா இருக்கு. கல்லு சுத்தம். ஸ்பாஞ்சு அவ்ளோ சுத்தம். அப்புறம் என்னதாம்மா குறை?”

“அதான் சார் குறை.”

“எது?”

“மீனு தின்னுறதும் அங்கதான், போறதும் அங்கதான். அந்தக் கழிவு விஷமா மாறும். அதத் தின்னு தீக்கிற கிருமி ஒண்ணு இருக்கு. ஸ்பாஞ்சுலதான் குடித்தனம் பண்ணும். நீங்க வாராவாரம் ஊரையே கொளுத்திட்டு, ஏன் யாரும் வேலைக்கு வரலன்னு கேக்கிறீங்க.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க என் நகத்தப் பாத்துட்டு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டீங்க.”

வழி ஒன்று இருந்தது. பழைய தொட்டி ஒன்றின் அழுக்கு ஸ்பாஞ்சை வாங்கி வந்து, இவருடைய தொட்டியில் பிழிந்துவிட்டு, மோட்டாருக்குள்ளும் அதையே வைக்க வேண்டும். அவள் கடைத் தொட்டிகளில் அன்றுதான் கிருமிக்கொல்லி மருந்து ஊற்றியிருந்ததால் அங்கே கிடைக்காது. ஆக, கிருமிகளை ஒழித்தே பேர் வாங்கிய மனிதர் கிருமி தேடித் தெருவில் இறங்கினார். இவருக்குத் தெரிந்து அது மொத்த வியாபாரத்தில் கிடைக்கும் இடம் ஒன்றுதான்: மச்சினன் வீடு.

மனைவியின் தம்பி வாடகை வேன் ஓட்டுகிறவன். செருப்புக் காலோடு சோபாவில் படுப்பவன். பழைய மீன் தொட்டி ஒன்றும் வைத்திருப்பவன். கடைசியாக இவர் அங்கே போனபோது நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் உட்காராமலேயே திரும்பி வந்தார்.

“வாங்க மாமா! அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?”

“இல்ல.”

“உங்களுக்கு?”

“இல்லப்பா.”

“அப்ப வழி தவறி வந்துட்டீங்களா?”

வெந்நீர் சார் உதட்டை நனைத்துக்கொண்டார். “கொஞ்சம்... அழுக்கு வேணும்.”

“அழுக்கா? எவ்ளோ வேணும்? எந்த ரூம்ல இருந்து வேணும்?”

“மீன் தொட்டியில இருந்து.”

“இருங்க, அப்படியே நில்லுங்க. போன எடுக்கிறேன். இன்னொரு தடவ சொல்லுங்க, அக்காவுக்கு அனுப்பணும்.”

அவனுடைய தொட்டி ஒரு பச்சைச் சுவர். அதற்குள் எப்போதாவது ஒரு கண் தெரிந்து மறைந்தது. உற்றுப் பார்த்தால் மீன்கள், குஞ்சுகள், குஞ்சுகளின் குஞ்சுகள். எல்லாம் கொழுத்துக் கிடந்தன. இவருக்கு வயிறு எரிந்தது.

“இத எப்பக் கழுவின?”

“கழுவணுமா?” என்றான் மச்சினன், உண்மையான வியப்போடு.

வீட்டிலேயே கொதிக்க வைத்து, ஆற வைத்து, துடைத்துக் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டப்பாவில் அந்தப் பழுப்பு ஸ்பாஞ்சை இறக்கி மூடினார் வெந்நீர் சார். வழியெல்லாம் டப்பாவை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளியே பிடித்து வந்தார். வீட்டில் கையுறை மாட்டி, மூச்சை அடக்கி, தொட்டிக்குள் பிழிந்து, ஸ்பாஞ்சை மோட்டாருக்குள் செருகினார். பழுப்பு மேகம் ஒன்று எழும்பிக் கிழிசல் வாலை விழுங்கியது.

“என்னங்க இது, சாக்கடையா?” என்றாள் மனைவி.

“உன் தம்பி வீட்டுது.”

“அதத்தான் கேட்டேன்.”

மறுநாள் மேகம் அடங்கியது. கிழிசல் வால் மேல்மட்டத்தை விட்டிறங்கி, அடியில் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தது. வெந்நீர் சார் அதைப் பார்த்தபடி நின்றதில் கை கழுவ மறந்துபோனார். கையுறை போட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஞாயிறு வராமல் இருக்குமா? வந்தது. கண்ணாடியில் மங்கலாய் ஒரு படலம். ஸ்பாஞ்சில் கொழகொழவென்று ஏதோ. கல்லிடுக்கில் கசடு. இத்தனையும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில். மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். ஒரு கையில் ஆவி பறக்கும் பாத்திரம், இன்னொரு கையில் வெள்ளைத் துணி. ஜன்னலோர மூலையை ஏற்கெனவே மனத்துக்குள் அளந்துவிட்டவள் குரலில் மட்டுமே வரக்கூடிய இனிமை.

“என்னங்க, நீங்க சிரமப்படாதீங்க. ஸ்பாஞ்ச எடுத்துக் குடுங்க, நானே ஒரு கொதி விட்டுத் தர்றேன். பாருங்க, எவ்ளோ அழுக்கு!”

வெந்நீர் சாரின் விரல்கள் தாமாகவே ஒருமுறை மடங்கி விரிந்தன. பாத்திரத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். உள்ளே கிழிசல் வால் விறுவிறுவென்று வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தது.

தொட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.