ஜெனரலின் செட்டை

விருந்தாளிக்குச் சாப்பாடு போட்டே அவனைச் சாவின் வாசல்வரை கொண்டுபோன குடும்பம் எங்களுடையது. விருந்தாளி ஒரு மீன். பெருவிரல் நீளம்கூட இல்லாத, இரத்தச் சிவப்பான ஒரு சண்டை மீன். அதன் வாலும் செட்டைகளும் பட்டுச்சேலைத் தலைப்புப் போல விரிந்து தண்ணீரில் அசையும். அதன் சொந்தக்காரி, அம்மா வேலை செய்த வீட்டு எசமானியம்மா, சின்யோரா. அவர் அதற்கு ஜெனரல் என்று பெயர் வைத்திருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இத்தாலியில், பலெர்மோ நகரத்துக் கபோ சந்தைக்குப் பின்னால், இரண்டு அறை வீட்டில் அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா மூன்று பேரும் இருந்தோம். அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். அவரை இங்கே கூப்பிடுவதென்றால், அம்மாவுக்கு ஒழுங்கான வேலை இருக்கிறது என்று சின்யோரா குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் கந்தோருக்கு, நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். செப்டம்பரில் வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கிடையில் கோடைக்கு வடக்கே மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது ஜெனரலை அம்மாவின் கையில் கொடுத்து, உன்னை நம்பித்தான் விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவள் நான். அந்த வீட்டில் என் உத்தியோகம் அதுதான்.

சித்தப்பா மீனை முதல் தரம் பார்த்துவிட்டு, இது ஆரோடு சண்டை பிடிக்கும் என்று கேட்டார். தன் இனத்தோடுதான், இரண்டை ஒரு தண்ணீரில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும் என்று, சின்யோரா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் குனிந்து மீனை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, “சண்டை வேண்டாமெண்டு கடல் தாண்டி வந்தா, இஞ்சையும் ஒரு ஜெனரலோ” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தைக் குளிர்ப்பெட்டிக்கு மேலே ஏற்றிவைத்தார். அந்தக் குளிர்ப்பெட்டிக்குள் எப்போதும் கபோவில் வாங்கிய சூடை மீன் இருக்கும். மேலே ஜெனரல், கீழே சூடை. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

சின்யோரா ஒரு சின்ன டப்பாவில் மீன் தீனி தந்திருந்தார். மிளகு போல இருந்த அந்த உருண்டைகளைப் பார்த்த அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஒரு சீவனுக்கு இதையா சாப்பாடு என்று கொடுப்பது? நாங்கள் சாப்பிடும்போது ஜெனரலுக்கும் ஒரு பருக்கை போட்டார். அதோடு நின்றிருந்தால் மீன் தப்பியிருக்கும். ஆனால் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எங்கள் வீட்டில் கூட்டம். சின்யோராமாரின் வீடுகளில் தங்கி வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அக்காமாருக்கு அந்த இரண்டும்தான் விடுதலை. அவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் சோறு தின்றார்கள், எல்லாரும் தங்கள் பங்குக்கு ஜெனரலையும் கவனித்தார்கள். ஒருவர் பருக்கை, ஒருவர் இடியப்பத் துண்டு, இன்னொருவர் அவித்த முட்டையின் மஞ்சள் கரு. “பாவம், தனிய இருக்குது” என்பார்கள். தனியே இருக்கிறவர்களுக்குச் சோறு போடவேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களும் தனியேதானே இருந்தார்கள்.

ஆடி மாதம் முடிவதற்குள் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியது. ஜெனரலின் வால் ஓரம் வெள்ளை பிடித்து, பிறகு நார் நாராகக் கிழிந்து உதிர ஆரம்பித்தது. ஒவ்வொரு காலையும் வால் கொஞ்சம் குட்டையாக இருந்தது. அம்மாவின் முகத்தை நான் அப்படி முன்பு பார்த்ததில்லை. மீன் செத்தால் சின்யோராவுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாவிட்டால் அப்பா இல்லை. இதை அம்மா வாய்விட்டே சொன்னார். ஒரு மீனின் வாலில் என் அப்பா தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு ஒருவிதத்திலும் விளங்கவில்லை. ஆனாலும் பயந்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் மஞ்சள். ஒரு சிட்டிகை போட்டார். தண்ணீர் மஞ்சளானது, ஜெனரல் காணாமல் போனார். இருக்கிறாரா போனாரா என்று கிண்ணத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். பிறகு அம்மா, செட்டை முளைக்கும்வரை வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று நேர்த்தி வைத்தார். கடலோரத்தில், அதுவும் மீன் மலிந்த கோடையில், கத்தரிக்காயும் பருப்புமாகத் தின்ற சித்தப்பாவுக்குத்தான் அது பெரிய தண்டனை. “அண்ணி, இது கடவுளுக்கு விளங்காது. மீன்கடைக்காரனுக்குத்தான் விளங்கும்” என்று முனகினார். மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு போர்கோ வெக்கியோப் பக்கம், கிளியும் மீனும் விற்கிற ஒரு கடைக்குப் போனார்.

கடைக்காரர் முதலில் கேட்டது, என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்றுதான். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் வெட்கத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். முட்டைக்கரு வந்ததும் அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டு, திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்து முடித்த பிறகு வைத்தியம் சொன்னார். அழுகின சாப்பாட்டால் தண்ணீர் கெட்டது, கெட்ட தண்ணீரால் செட்டை அழுகுகிறது. தினமும் தண்ணீர் மாற்று, கொஞ்சம் உப்புப் போடு, இந்த நீல மருந்தில் சில துளி விடு, சோற்றைக் கண்ணிலும் காட்டாதே.

தினமும் தண்ணீர் மாற்று என்பது சொல்வதற்குச் சுலபம். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வந்தது. வந்த நாளில் வாளி, பானை, குளிக்கிற தொட்டி எல்லாவற்றிலும் பிடித்துவைத்து அளந்து செலவழித்தோம். அதில் முதல் பங்கு ஜெனரலுக்கு. குழாய்த் தண்ணீரின் குளோரின் வாசம் போவதற்காக ஒரு பானைத் தண்ணீரை முதல் நாளே எடுத்துத் திறந்துவைப்பார் அம்மா. அதில் கைவைத்தவளுக்கு அடி. நான் குளிக்காமல் பள்ளி நண்பிகளோடு விளையாடப் போன நாட்கள் உண்டு. மீனுக்குக் குளிக்க வார்த்தோம், எனக்கு இல்லை என்று சொன்னால் அவர்கள் நம்பவா போகிறார்கள்?

அக்காமாருக்கும் தடை வந்தது. கிண்ணத்தின் பக்கத்தில் சித்தப்பா கதிரை போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். ஒரு அக்காவுக்குக் கோபம் வந்து, ஒரு பருக்கைக்குக்கூட வழியில்லாத வீடோ என்று கேட்டுவிட்டு இரண்டு ஞாயிறு வராமலே விட்டார்.

பிறகு ஒருநாள் கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு மெல்லிய தாள் தெரிந்தது. அம்மா என்னைப் பிடித்திழுத்துக் காட்டி, “முளைக்குது, பிள்ளை, முளைக்குது” என்று அழுதார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் தாள் நாளுக்கு நாள் வளர்ந்து விரிந்தது. ஆனால் சிவப்பாக வரவில்லை. முதலில் நிறமே இல்லாமல் வந்து, பிறகு வெளிறிய நீலமாக மாறியது. உடம்பு சிவப்பு, வால் நீலம். நீல மருந்து ஊறிவிட்டது என்றார் சித்தப்பா. அழகாகத்தானே இருக்கிறது என்றார் அம்மா.

செப்டம்பரில் சின்யோரா திரும்பி வந்தார். ஜெனரலை ஊறுகாய்ப் போத்தலில் விட்டு, அம்மா அதை மடியில் வைத்துக்கொள்ள, பஸ்ஸில் போனோம். சின்யோரா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். இது என் ஜெனரல் இல்லை, அவனுக்கு உடம்பு முழுக்கச் சிவப்பு. அவன் செத்துவிட்டான், நீங்கள் வேறொன்றை வாங்கி வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, அம்மாவைப் பயப்படவேண்டாம் என்று சொல்லு.

“என்னவாம்?” என்றார் அம்மா. சொன்னேன்.

எனக்கு வாய் துருதுருத்தது. பருக்கை, மஞ்சள், உப்பு, நீல மருந்து, குளிக்காத நாட்கள் எல்லாவற்றுக்கும் இத்தாலியச் சொல் தயாராக இருந்தது. அம்மா போத்தலைப் பார்த்தார், சின்யோராவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனில், “ஸ்கூசி, சின்யோரா” என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

சின்யோராவின் கண் கலங்கிவிட்டது. அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பாவம், எவ்வளவு பயந்திருப்பாய், ஊரெல்லாம் தேடி அலைந்திருப்பாயே என்றார். “அம்மா, இது அதே மீனெல்லோ!” என்று நான் கத்தினேன். அம்மாவின் கை என் பிடரியில் இறங்கியது. “வாயைப் பொத்து.” சின்யோரா அதே ஈரக் கண்ணோடு, செவ்வாய்க்கிழமை குவெஸ்தூராவுக்குப் போவோம் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்ட சித்தப்பா துள்ளிக் குதித்தார். “செய்யாத கொலைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாறீங்களோ, அண்ணி? நான் அங்கை போய்க் கதைக்கிறன்.” அம்மா அடுப்படிக்குப் போனார். நேர்த்தி முடிந்ததென்று சூடைமீன் குழம்பு வைத்தார். சித்தப்பா கோபத்தோடேயே மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் தலை சுற்றியது. இல்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் பெரிய மனுசி ஒருத்தி மன்னியுங்கள் என்று சொல்வாளா? அப்படியானால் உண்மையிலேயே ஜெனரல் செத்து, நான் விளையாடப் போன நேரத்தில் அம்மா வேறொன்றை விட்டிருப்பாரோ? சித்தப்பாவிடம் இரகசியமாகக் கேட்டேன். “எனக்கே இப்ப சந்தேகமாக் கிடக்கு, பிள்ளை” என்றார் அவர்.

அதன் பிறகு சின்யோராவின் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். என் தமிழ்ப் பெண்ணின் கையில் மீன் செத்துப்போய்விட்டது, பாவம், என் மனம் நோகக்கூடாதென்று இன்னொன்று வாங்கி வந்தாள் என்பார். வந்தவர்கள் ஐயோ என்பார்கள். அம்மா கோப்பித் தட்டைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பார். மூலையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுகிற எனக்குக் கோபத்தில் பென்சில் முனை உடையும். ஜெனரலோ யார் வந்தாலும் நீல வாலை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்றார்.

அடுத்த வருடம் அப்பா வந்தார். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலால் இறங்கியவரைச் சித்தப்பாதான் அடையாளம் கண்டார். எனக்கு அவர் முகம் போட்டோவில் இருந்ததைவிட மெலிந்து தெரிந்தது. அன்று மத்தியானம் அம்மா அவருக்கு வாழ்நாளில் வைக்காத மாதிரி ஒரு மீன்குழம்பு வைத்தார். தொலைபேசியில் ஒருநாளும் சொல்லாத மீன் கதையை நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன். புதிய ஆளிடம் நியாயம் கேட்கலாம் என்ற நம்பிக்கையில், தண்ணீர் பிடித்ததில் இருந்து ஸ்கூசி வரைக்கும், ஒன்றும் விடாமல், கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. சோற்றுக்குள் வைத்த கையை எடுக்காமல் அம்மாவைப் பார்த்தார்.

“நீர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நீங்கள் வரவேணுமெல்லோ” என்றார் அம்மா, அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுக்கொண்டே.

அப்பாவின் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. மூக்கையும் உறிஞ்சினார். லொட்ஜ் சாப்பாடு சாப்பிட்டு மனுசனுக்கு உறைப்பு மறந்துபோய்விட்டது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, “இவ்வளவு தூளோ அம்மா போடுறது?” என்று ஏசினேன். அம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்தார். அப்பா அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஓமோம், சரியான உறைப்பு என்றார்.