தாளின் மூலையில் எழுதிய எண்

எங்கள் தாள்களைப் படித்தது நீங்கள்தான், எச்.ஆர். மேனேஜர் சார். யாரும் படிக்க மாட்டார்கள் என்று மைக்கில் சொன்னதும் நீங்கள்தான்.

என் பெயர் கலா. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தையல் மெஷினில் வேலை. எனக்கு வந்த நோய் வந்தவர்களுக்கும், வந்தும் வெளியே சொல்லாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் விரல்கள் மரத்தன. காலை பதினோரு மணி இருக்கும். ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தேன். இடது கை என்னுடையது இல்லை என்று தோன்றியது. மூச்சு பாதியில் நின்றது. மெஷின் ஓடுகிறது, சத்தம் கேட்கவில்லை. சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

கணவர் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். இசிஜி (இதயத் துடிப்பைக் கோடாக வரையும் சோதனை) சரியாக இருந்தது. மூன்று முறை இப்படி ஓடிய பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அந்த வராந்தாவில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பேனிக் டிஸார்டர் (காரணம் தெரியாத பெரும்பயம் திடீர் திடீரென்று உடம்பைப் பிடிக்கும் நோய்) என்றார்.

“அப்போ நெஞ்சுல ஒண்ணும் இல்லியா மேடம்?”

“நெஞ்சு நல்லா இருக்கு. ஆனா பயம் நிஜம். நீங்க நடிக்கலம்மா.”

அந்தக் கடைசி வார்த்தைக்கு அழுதேன். அதுவரை வீட்டில்கூட யாரும் அதைச் சொல்லவில்லை. மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும் என்றார். ஆனது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் மனநலப் பயிற்சி வைத்தார்கள். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் கேட்டார்களாம். கேன்டீனில் உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுத்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு என்று நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். பக்கத்து மெஷின் ஃபரீதா என் தோளில் இடித்தாள்.

“ஊதுக்கா, நல்லா ஊது. வேல போனா பலூன் விக்கப் போலாம்.”

அவளுக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு கேள்வித்தாள் கொடுத்தீர்கள். “பேர் எழுதாதீங்க, யாரும் பார்க்க மாட்டாங்க” என்றீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்று டிக் போட்டேன்.

“நீயும் உள்ளதப் போடு ஃபரீதா. எதனா வழி செய்வாங்க.”

“இந்த வாட்டி நீ போடு. இன்னா ஆவுதுன்னு பார்த்துட்டு அடுத்த வாட்டி நான் போடறேன்.”

பெயரை யாரும் எழுதவில்லை. கம்பெனி எங்களுக்குக் கொடுத்த டோக்கன் எண்ணை எழுதினோம். லீவு லெட்டரோ, தைத்த கட்டுக்கான சீட்டோ, எங்கள் கைக்கு எந்தத் தாள் வந்தாலும் வலது மூலையில் எண் போட்டுப் பழக்கம். எண் இல்லாத தாள் திட்டோடு திரும்பி வரும். 214 என்று நான் போட்டது எனக்கே தெரியவில்லை. கை போட்டிருக்கிறது.

நீங்கள் மூலையைக் கிழித்திருக்கலாம். உண்டு என்று போட்டவர்களின் எண்களைப் பட்டியல் எழுதினீர்கள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “டூ ஒன் ஃபோர், எழுந்திரு. இனிமே நூல் வெட்டற மேஜை. உனக்குத் தலை சரியில்லியாமே?”

உங்கள் அறைக்கு வந்து கேட்டேன்.

“உங்க நல்லதுக்குத்தான்மா. இந்த நெலமையில ஊசிகிட்ட எப்படி உட்கார வைக்கிறது? நம்பரை நீங்களேதான எழுதிக் குடுத்தீங்க?”

ஊசி ஆபத்து என்று என்னை எழுப்பி, கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தீர்கள்.

அன்று முதல் தண்ணீர்க் குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றது. நின்றிருந்த நோய் திரும்பி வந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பயிற்சி, மறுபடி தாள். ஃபரீதா எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டாள். மூலையில் எண்ணை மட்டும் பெரிதாக, நீங்கள் படிக்கும்படி எழுதினாள். லைனே அப்படித்தான் எழுதியது. எங்கள் தொழிலாளர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்கள்.

“உள்ளதப் போடறேன்னியே?”

“நீ போட்டு இன்னாத்தக் கண்ட? மெஷின் போச்சுன்னா எங்கண்ணன் என்னிய வேலைக்கே அனுப்ப மாட்டான்.”

“டாக்டர்கிட்டயாவது வர்றியா? நான் கூட வர்றேன்.”

“ரம்ஜான் முடியட்டும்க்கா.”

ரம்ஜான் முடிந்தது. அடுத்த வாரம் அவள் உயிரை விடப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டதும் திரும்பாமலே கேட்டாள்: “லைன்ல யாருக்குனா தெரிஞ்சிடுச்சாக்கா?”

ஃபரீதா அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதச் சொன்னது அவள்தான். “நம்பர மட்டும் போட்டுடாதக்கா” என்றாள். இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், கொஞ்சம் தூங்குகிறாள். என்னைப் போல இருப்பவர்களே, உங்களுக்கும் இப்படி இருந்தால் பண்டிகை முடியட்டும் என்று இருக்காதீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒருத்தரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவள் மெஷினைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருக்கிறார்கள். நூல் வெட்டும்போது அது ஓடும் சத்தம் எனக்குக் கேட்கிறது. தையல் திரும்பும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி எடுப்பாளே, அந்த நிறுத்தமும் கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தால் உறை அசையாமல் இருக்கிறது.

முன்பு எத்தனை ஜோடி தைத்தேன் என்பதை வைத்து மணி சொல்வேன். இப்போது நேரம் என் மூச்சில்தான் ஓடுகிறது. நாலு உள்ளே, ஆறு வெளியே. விரல் மரத்துப்போனால் பதறுவதில்லை, இதுவும் என் கைதான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எந்தத் தாளைக் கண்டாலும் அந்தக் கை மூலைக்குப் போய் நிற்கிறது.

அடுத்த பயிற்சிக்கு அதே கேன்டீனில் அதே மைக்கைப் பிடிப்பீர்கள் சார். மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் எங்களுக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை யார் எழுதச் சொன்னது? யார் யாரிடம் காட்டினீர்கள்? அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், நான் வர மாட்டேன். எல்லோருக்கும் கேட்க மைக்கில் சொல்லுங்கள். 214 முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.