மகளுக்காகச் சொன்ன சம்மதம்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. நான் இங்கிலிஷ் வாத்தியார் என்று தெரிந்ததும், தோட்டத் துரையிடம் பேசுவதுபோல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“இங்கிலிஷ்ல ‘வூ’ (woo)ன்னா என்னங்க சேர்? மவ ஒரு கதையில அதைப் படிச்சுட்டு, அதெல்லாம் நமக்கு ஏதுப்பான்னு சிரிச்சா.”

ஒருத்தியின் மனம் இசையும்வரை, கல்யாணத்துக்கு முன் அவளிடம் அன்பாகக் கேட்டு நிற்பது என்றேன். அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்று உறுதியாகத் தெரியாது. வளைவதைக் குறித்த பழஞ்சொல்லாக இருக்கலாம், அவள் பக்கமாக வளைவது என்றேன்.



“தொரைக்கு வளைஞ்சிருக்கேன், கங்காணிக்கு வளைஞ்சிருக்கேன். நேத்து மவளுக்குப் பரிசம் போட்டோம். பொண்ணுக்குச் சம்மதமான்னு தோட்டத் தலைவர் கேட்டாரு. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நானே சம்மதம்னுட்டேன். இனிப் போய்க் கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“வேணாம்னு சொல்லிட்டா?”

அவருடைய இடம் வந்தது, இறங்கினார். பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். பாதையோரம் தனியாக நின்றார். மரியாதை காட்ட அங்கே யாருமில்லை. கை மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை.